வேஜும் சலரியும்

ஆங்கிலத்திலே ‘வேஜ்’ என்றும் ‘சலரி’ என்றும் இரு சொற்கள் உள்ளன. எமது ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இரண்டிற்கும் எதிரே ஏறக்குறைய அதே சொற்களே காணப்படும்: கூலி, வேதனம், ஊதியம், சம்பளம். வரிசை மட்டும் சற்று மாறியிருக்கும். வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து வேறுபாடு கேட்டால், நாட்கணக்கிற் பெறுவது வேஜ், மாதந்தோறும் பெறுவது சலரி என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். பரீட்சைக்கு அது போதும். ஆயினும் அவ்விடை நிறைவானதன்று என்பதைக் காட்ட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எமது தோட்டத் தொழிலாளர் தமது ஊதியத்தை மாதத்துக்கு ஒருமுறையே பெறுகின்றனர். எனினும் அதனை எந்தத் துரையும் சலரி என்று அழைத்ததில்லை, சட்டமும் அழைத்ததில்லை.

தொகையைக் கொண்டு பிரிக்கலாமோ என்றால் அதுவும் இயலாது. கைத்திறன் மிக்க மேசன் ஒருவர், தொடர்ந்து வேலை கிடைக்கும் மாதத்திலே, புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர் ஒருவரிலும் கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடும். அவர் பெறுவது வேஜ். ஆசிரியர் பெறுவது சலரி. ‘தொடர்ந்து வேலை கிடைக்கும் மாதத்திலே’ என்று ஒரு நிபந்தனையை இடையில் வைத்தோம் அல்லவா? விடயம் முழுவதும் அந்த நிபந்தனைக்குள்ளேயே கிடக்கிறது.

மலையகத்துப் பாடசாலையொன்றில் நாம் ஆங்கிலம் கற்பித்த காலத்திலே, உதவிப் பணத்துக்கான விண்ணப்பப் படிவங்களை மாணவரைக் கொண்டு நிரப்புவிக்கும் வேலை எம்மிடம் வந்தது. பெற்றோரின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று தமிழிலே ஒரு வினா. அதன் கீழே சலரி என்ற சொல்லோடு அதே வினா ஆங்கிலத்திலே. கெட்டிக்காரப் பெண்ணொருத்தி எல்லாவற்றையும் எழுதிவிட்டு அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள்.

“அம்மாவின் சம்பளத்தை ஏன் பிள்ளை எழுதவில்லை?”

“எந்த மாசத்துச் சம்பளம் சேர்?”

“எந்த மாதமாயிருந்தால் என்ன?”

“இல்ல சேர், மாசத்துக்கு மாசம் மாறும். போன மாசம் அம்மாவுக்குப் பதினெட்டுப் பேரு. அதுல நாலு அரப்பேரு. அதுக்கு முந்தின மாசம் நல்லாக் கொழுந்து இருந்துச்சு, இருவத்திமூணு விழுந்துச்சு.”

தோட்ட வழக்கை அறியாத வாசகருக்கு இதனைச் சற்று விளக்கவேண்டும். தோட்டத்திலே ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையிலே பிரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகின்றனர். மாலையிலே கொழுந்து நிறுக்கப்படுகிறது. குறித்த நிறை பறித்திருந்தால் செக்ரோலிலே அவளுக்கு ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மழை கொட்டி வேலை நின்றாலும், வரட்சியிலே கொழுந்து ஓடாமல் வேலைநாட்கள் குறைந்தாலும், காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்தாலும் அன்று பேர் இல்லை. பேர் என்றால் பெயர் என்பது யாவரும் அறிந்ததே. ஆளின் பெயர் அன்றைய இடாப்பிலே ஏறினால் ஒருநாள். ஏறாவிட்டால் அந்நாள் அவளுக்கு நடக்கவேயில்லை. பாதி உழைத்தவளுக்குப் பாதிப் பெயர். எந்த நாவலாசிரியனும் இப்படியொரு சொல்லை உருவாக்கியிருக்க மாட்டான். கணக்கப்பிள்ளையின் பேனாவும் உழைப்பவளின் நாவும் சேர்ந்து ஆக்கிய சொல் அது.

அப்படிவத்தைத் தயாரித்தவர் சலரி பெறுபவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவருடைய உலகிலே மாதம் என்பது ஒரே அளவான பாத்திரம். பெப்ரவரிக்கு இருபத்தெட்டு நாட்கள் என்பதற்காக எவரும் அவருடைய தொகையிலே மூன்று நாளைக் கழிப்பதில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் லீவு எடுத்தால், லீவு என்ற சொல்லே அந்நாளுக்கும் ஊதியத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே, மாதச் சம்பளம் எவ்வளவு என்ற வினாவுக்கு விடை ஒன்றே இருக்கும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. நாம் மூன்று மாதத்துப் பேர்க்கணக்கை ஒரு தனித்தாளில் எழுதுவித்துப் படிவத்தோடு இணைத்து அனுப்பினோம்.

வேஜ் என்பது செய்த வேலைக்கு விலை. சலரி என்பது வேலை செய்யும் ஆளை வைத்திருப்பதற்கு விலை. முதலாவதிலே வெறும் நாளின் இழப்பைத் தொழிலாளி தாங்குகிறாள். இரண்டாவதிலே வைத்திருப்பவன் தாங்குகிறான். மழை பெய்தால் யாருடைய அடுப்பு அணைகிறது என்று கேட்டால் எச்சொல்லை இடவேண்டும் என்பது தெரிந்துவிடும். மற்ற வேறுபாடுகள், கைவேலை மூளைவேலை என்பதும், வாரம் மாதம் என்பதும், உறையிலே காசு வங்கியிலே காசு என்பதும், இதன்மேற் படர்ந்த கொடிகளே.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் சுவையான செய்திகள் உள்ளன. வேஜ் என்பது பழைய பிரெஞ்சின் வடபகுதி வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் அடியிலே கிடப்பது ஜெர்மானிய மொழிகளின் பழைய வேர் ஒன்று. பொருள், பிணை அல்லது ஈடு. அவ்வேரிலிருந்தே பந்தயம் என்று பொருள்படும் ‘வேஜர்’ வந்தது. ஈட்டைக் குறிக்கும் ‘கேஜ்’ வந்தது. அதிலிருந்து அமர்த்துதல் என்னும் ‘என்கேஜ்’ வந்தது. வீட்டையும் காணியையும் விழுங்கும் ‘மோர்ட்கேஜ்’ வந்தது. திருமணத்தைக் குறிக்கும் ‘வெடிங்’ என்ற சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கூலிக்கும் அடைமானத்துக்கும் கலியாணத்துக்கும் ஒரே பாட்டி என்று அறியும்போது மாணவர் சிரிப்பர். அடைமானம் என்றதும் சிரிக்காத ஒரு சாரார் எமது நாட்டிலே இருந்தனர்.

கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் கொண்டுவந்த தொழிலாளர், வரும்போதே வழிச்செலவுக் கடனோடு வந்தனர். ஊரிலே வாங்கிய முன்பணமும் அதன்மேல் ஏறியது. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமாயின், அவர்களுடைய கடனைத் தந்தால் விடுவிப்போம் என்று துரை எழுதிய ஒரு காகிதம் வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் புதிய தோட்டத்தின் ஏட்டில் ஏறும். ஆள் இடம்மாறுவதும் கடன் கைமாறுவதும் ஒரே காரியம். 1921 இலே சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இம்முறை நிலவியது. ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்துபோன வேஜ் என்ற சொல்லின் மூலப்பொருள், எமது மலைகளில் ஒரு துண்டுக் காகிதத்திலே உயிரோடு இருந்தது. உழைப்பவன் தன்னையே ஈடுவைத்துக் கூலி பெற்றான்.

சலரியின் கதை உப்பிலே தொடங்குகிறது. இலத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு; ‘சலாரியம்’ என்பது அதிலிருந்து வந்தது. உரோமப் போர்வீரருக்கு உப்பையே ஊதியமாக அளந்து கொடுத்தனர் என்று பள்ளிப் புத்தகங்களிலும் மேடைகளிலும் சொல்வர். அதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த பிளினி, உப்பின் பெருமையைப் பேசுமிடத்து, சலாரியம் என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது என்கிறார். வீரர் உப்பை மூட்டையாக வாங்கிச் சென்றனர் என்று அவர் சொல்லவில்லை. சாதாரண வீரன் பெற்ற ஊதியத்துக்கு உரோமர் வைத்த பெயர் ‘ஸ்டிபெண்டியம்’. பேரரசுக் காலத்திலே சலாரியம் என்ற சொல் மேல்நிலை அலுவலருக்கும் அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்ட தொகையையே பெரும்பாலும் குறித்தது. ஆகவே அந்த உப்பு, தொடக்கத்திலேயே கஞ்சிக் கலயத்தில் விழுந்த உப்பு அன்று.

தமிழிலும் இதையொத்த உப்புக்கதை ஒன்று உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பர். நயமான பிரிப்புத்தான். ஆனால் வடமொழியிலே ‘சம்பல’ என்றால் வழியுணவு, கட்டுச்சோறு. நீண்ட வழி போகிறவன் கையிலே கட்டிக் கொடுப்பது. அப்பொருளே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. போய்ச் சேரும்வரை ஆளைத் தாங்கவேண்டியது கட்டுச்சோறு. நடந்த காதத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதன்று.

கூலி என்ற சொல்லின் விதி வேறு. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்திலே அச்சொல்லை ஆள்கிறார். உடலை வருத்திய முயற்சிக்கு உரிய பயன் என்பதே அங்கு பொருள். இழிவு ஒரு துளியும் இல்லை. கொடுக்கப்படுவதைக் குறித்த அச்சொல், வெள்ளையரின் வாயிலே புகுந்தபோது, பெறுகிறவனைக் குறிக்கத் தொடங்கியது. (குசராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்தே ஆங்கிலச் சொல் வந்தது என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கவும் கூடும்.) ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. கப்பற் பதிவேடுகளிலும் தோட்டக் கணக்குகளிலும் சட்டங்களிலும் ஒரு மக்கட் கூட்டமே அப்பெயரால் எழுதப்பட்டது. இதற்கு நேர்மாறான ஒரு விந்தையும் உண்டு. யப்பானியர் ஆங்கிலத்தின் சலரியை எடுத்து ‘சரரீமன்’ என்ற சொல்லை ஆக்கிக்கொண்டனர். கழுத்துப் பட்டியும் கைப்பெட்டியுமாகப் புகைவண்டியில் அலுவலகம் போகும் மனிதனுக்கு அது பெயர். ஆங்கிலேயன் எமது கூலியை எடுத்து ஒரு மனிதனைச் சிறுமைப்படுத்தினான். யப்பானியன் ஆங்கிலேயனின் சலரியை எடுத்து ஒரு மனிதனுக்குக் கோட்டு அணிவித்தான்.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் இச்சொற்களை வழங்கிய முறையும் கவனிக்கத்தக்கது. திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றி மத்தேயு கூறும் உவமையிலே அவர்கள் கூலி என்ற சொல்லைப் பெய்தனர். உரோமருக்கு எழுதிய நிருபத்திலே பாவத்துக்கு என்ன கிடைக்கும் என்று பவுல் கூறுமிடத்திலோ, ஆங்கிலம் வேஜ் என்ற சொல்லைப் பன்மையில் வழங்க, தமிழ் சம்பளம் என்கிறது. அங்கு கிரேக்க மூலத்தில் உள்ளது போர்வீரரின் படியையும் ஊதியத்தையும் குறிக்கும் சொல்.

அந்தத் திராட்சைத் தோட்டத்து உவமையிலிருந்தே ஜோன் ரஸ்கின் தமது நூலுக்குப் பெயர் வைத்தார். 1860 இலே ஒரு சஞ்சிகையில் அவர் எழுதத் தொடங்கிய நான்கு கட்டுரைகள், வாசகரின் சீற்றத்தால் அத்தோடு நிறுத்தப்பட்டன. 1862 இல் அவை நூலாயின. 1904 இலே தென்னாபிரிக்காவில் ஓர் இரவுப் புகைவண்டிப் பயணத்தில் காந்தியடிகள் அதனைப் படித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்நூலிலே ரஸ்கின் கேட்கும் வினா எமது பொருளின் நடுநரம்பைத் தொடுகிறது. பிரதம மந்திரியின் பதவியை நாம் ஏலம் போடுவதில்லை. மேற்றிராணியார் ஒருவர் இறந்தால், மிகக் குறைந்த தொகைக்கு யார் வருகிறார் என்று பார்த்து அவரிடம் மறைமாவட்டத்தை ஒப்படைப்பதில்லை. நோயுற்றால் மலிவான வைத்தியனைத் தேடிப் போவதுமில்லை. அவர்களுக்கெல்லாம் நிலையான ஒரு தொகை உண்டு. அப்படியிருக்க, கொத்தனுக்கும் நெசவாளிக்கும் மட்டும் சந்தையின் ஏற்றத்தாழ்வு ஏன்? ரஸ்கினின் சமுதாயக் கனவு பழமையை நோக்கியது. எசமானனைத் தந்தையாகக் காணும் அவருடைய பார்வை எமக்கு உடன்பாடன்று. ஆயினும் இந்த ஒரு வினாவை அவரைப் போல நேராகக் கேட்டவர் அக்காலத்துப் பொருளியலாளரில் மிகச் சிலரே. அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், 1776 இலே, ஆடம் சிமித் உழைப்பின் கூலி பற்றிய அத்தியாயத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருந்தார். கூலியை உயர்த்தாதிருப்பதற்கு முதலாளிமார் எங்கும் எப்போதும் ஓசையின்றி ஒன்றுபட்டிருக்கின்றனர் என்றார் அவர். முதலாளித்துவத்தின் மூலகுருவே சொன்னது இது.

சட்டமும் இவ்விரு சாராரையும் வெவ்வேறு தராசிலே நிறுத்தது. இங்கிலாந்திலே 1875 வரை, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போன தொழிலாளி சிறைக்குப் போகலாம். ஒப்பந்தத்தை மீறிய முதலாளி குடியியல் வழக்குக்கு மட்டுமே பதில் சொல்லவேண்டியவன். எமது நாட்டின் 1865 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வேலையாளின் ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கியது. மறுபுறத்தில், கைவேலை செய்வோருக்கு நாணயமாகவே கூலி கொடுக்கவேண்டும் என்று 1831 இலே ஆங்கிலப் பாராளுமன்றம் விதித்தது. முதலாளியின் கடைச் சாமான்களைக் கூலியென்று கட்டியடிப்பதைத் தடுக்கவந்த நல்ல சட்டம் அது. அதன் விளைவாக, 1960 இலே புதிய சட்டம் வரும் வரை அங்கு இலிகிதருக்குக் காசோலை, தொழிலாளிக்குக் காசு உறை என்ற பிரிவு நின்றது. வெள்ளிக்கிழமை மாலையிலே கையில் எதை வைத்திருக்கிறான் என்று பார்த்தால் அவன் எந்த வர்க்கத்தவன் என்று அயலார் சொல்லிவிடலாம்.

அயலார் சொல்லிவிடலாம் என்றபோது யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். கோறணமேந்து என்பது அரசாங்கத்தைக் குறித்த ஆங்கிலச் சொல்லின் சிதைவு. அப்பழமொழியை வெறும் அடிமைப் புத்தி என்று இகழ்வோர் உண்டு. எமக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. வானத்தை நம்பிப் புகையிலை நட்டவனும், சந்தையை நம்பி வெங்காயம் நட்டவனும், வெறும் நாளின் இழப்பை வேறொருவன் தாங்கும் ஓர் இடத்தைத் தன் பிள்ளைக்குத் தேடினான். ஓய்வூதியம் என்ற ஒன்று, வேலை செய்யாத முதுமைக்கும் ஊதியம் தருகிறது. சலரி என்ற கருத்தின் முடிந்த முடிபு அதுவே. பழமொழியின் குற்றம் அதைத் தேடியதில் இல்லை. தேடிக் கிடைத்தபின், கிடைக்காதவனைக் குறைந்தவனாகக் கண்டதிலே இருக்கிறது. உத்தியோகத்தன் தொழிலாளியோடு ஒரே வாங்கில் அமரமாட்டான். தன்னுடையது சம்பளம், மற்றவனுடையது கூலி என்பான். சாதியின் நாற்றமும் இந்தச் சொற்பிரிவிலே கலந்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆனால் துப்பாக்கிக்கு இவ்வேறுபாடு தெரியாது. 1940 ஜனவரியிலே, முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அவருடைய விதவையின் சார்பிலே விசாரணைக் குழுவின்முன் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1947 இலே அரசாங்க இலிகிதர்கள், மேசையை விட்டு எழாதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், தொழிற்சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். யூன் 5 ஆம் நாள் கொழும்பிலே ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டனர். இறந்தவர் கந்தசாமி என்னும் அரசாங்க இலிகிதர். கோவிந்தன் பெற்றது வேஜ். கந்தசாமி பெற்றது சலரி. அடுத்த ஆண்டிலே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, அரசாங்க உத்தியோகத்தரின் சங்கங்கள் ஏனைய தொழிலாளரின் சங்கங்களோடு சம்மேளனமாக இணையலாகாது என்ற விதி இடம்பெற்றது. ஆளவந்தோர் எமது அகராதிக்காரரிலும் கூர்மையானவர்கள். இரண்டு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பதாக மக்கள் உணர்ந்துவிட்டால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சலரியின் நிலைபேறு எத்தகையது என்பதை 1980 யூலை காட்டியது. மாதம் 300 ரூபா உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசாங்க ஊழியரில் நாற்பதாயிரம் பேரளவில் வேலையிழந்தனர். அவர்களை எவரும் நீக்கவில்லையாம். அவர்களாகவே பதவியைக் ‘காலிசெய்தனர்’ என்று எழுதப்பட்டது. சொல்லாட்சியின் கொடுமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ! தம்மை வைத்திருப்பதற்கே சலரி என்று நம்பியவர்கள், ஒரு வாக்கியத்தின் வலிமையால் நாட்கூலிக்கு அலைந்தனர். பலர் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர்.

வேறு நாடுகளிலே சலரியே பொறியாகவும் அமைகிறது. ஐக்கிய அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டுத் தொழில் நியமச் சட்டம், குறித்த மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும் என்றது. ஆனால் நிர்வாகப் பதவிகளில் சலரி பெறுவோருக்கு விலக்கு அளித்தது. எனவே கடைச் சிப்பந்திக்கு முகாமையாளர் என்ற பட்டத்தையும் சலரியையும் கொடுத்து, இரவு முழுவதும் இலவசமாக வேலை வாங்கும் வித்தை அங்கே பழகிப்போயிற்று. இதைப் படிக்கும் ஆசிரியர் எவரேனும், மேசையில் குவிந்திருக்கும் திருத்தாத விடைத்தாள்களை இவ்வேளையிலே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அவரை நாம் குறைசொல்லோம்.

2021 இலே இவ்விரு சொற்களும் ஒரே ஆண்டில் எமது வீதிக்கு வந்தன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என அவ்வாண்டு மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. மலையிலோ, பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை பல தோட்டங்களில் உயர்ந்தது. நிறை குறைந்தவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. ஆயிரம் என்ற எண் செய்தித்தாளில் முழுமையாக நின்றது; செக்ரோலிலே அது ஐந்நூறாயிற்று. அதே ஆண்டு யூலையில் ஆசிரியரும் அதிபரும் 1997 முதல் இழுபட்ட தமது சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு கேட்டு இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினர். ஒக்டோபர் வரை அப்போராட்டம் நீடித்தது. தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டு செய்திகளுக்கும் சம்பளம் என்ற ஒரே சொல்லையே இட்டன. வேஜ் போர்ட் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவதையும் நாம் சம்பள நிர்ணய சபை என்றே அழைக்கிறோம். அகராதிக்கு இது குழப்பமாக இருக்கலாம். எமக்கு அது தமிழின் வறுமையாகத் தோன்றவில்லை. தோட்டத்துப் பெண் தனது ஊதியத்தைக் கூலி என்று சொல்வதில்லை. சம்பளம் என்றே சொல்கிறாள். சம்பள நாள் என்றே அந்நாளுக்குப் பெயர். அவள் சொல்லும் சொல்லுக்கு ஏற்ற பொருள் இன்னும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதே குறை.

அப்பெண்களின் பிள்ளைகள் சிலர் படித்து ஆசிரியராயினர். தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரிலே மூவாயிரம் பேரளவில் ஆட்சேர்ப்பு நடந்தது. அவர்களுக்குத் தரப்பட்டது வேஜும் அன்று, சலரியும் அன்று. ‘அலவன்ஸ்’ என்று மூன்றாவது சொல் ஒன்று வந்தது, தமிழிலே கொடுப்பனவு. தொடக்கத்திலே அது மாதம் 6,000 ரூபா. பின்னரே 10,000 ஆயிற்று. அதே காலத்தில், 2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வகுப்பிலே சேர் என்று அழைக்கப்பட்ட அந்த இளைஞன் மாதம் முழுவதும் கற்பித்துப் பெற்ற தொகையை, அவனுடைய தாய் மலையிலே பதினான்கு பேர் போட்டுத் தாண்டிவிடுவாள்.